பார்சி பாகான் சந்தும் அமிர்தசரஸ் கூடாரமும்

மனோதத்துவம் என்று சொன்னால் நம் பிள்ளைகள் உடனே வியன்னா என்கிறார்கள், அமெரிக்கா என்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, பாடப்புத்தகம் அப்படி. நாம் பிழைக்க வந்து வேர்விட்ட இந்தக் கல்கத்தாவிலேயே, ராஜாபஜார் அறிவியல் கல்லூரிக்குப் பக்கத்தில் பார்சி பாகான் சந்து 14-ஆம் எண் வீட்டில், அந்தச் சாத்திரத்தின் பெரிய அத்தியாயம் ஒன்று எழுதப்பட்டது என்றால் "அப்படியா மாமா?" என்று வாயைப் பிளக்கிறார்கள். கல்லூரிப் படிப்பு எனக்கு வாய்க்கவில்லை. கடையை மூடிய பிறகு இரவில் படித்ததுதான் என் படிப்பு. படித்ததில் பிடித்ததை நம் மலருக்காகத் தொகுத்திருக்கிறேன்.

1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் சோதனை மனோதத்துவத்துக்கென்று தனித்துறை தொடங்கியது. இந்தியாவில் இதுவே முதல். தலைமை ஏற்ற நரேந்திரநாத் சென்குப்தா, அமெரிக்காவில் ஹார்வர்டில் மூன்ஸ்டர்பெர்க் என்ற பேராசிரியரிடம் படித்து வந்தவர். அதுவரை மனம் என்பது தத்துவப் பேராசிரியர்கள் பேசும் விஷயம். இனி அதையும் தராசில் வைக்கலாம், கடிகாரம் வைத்து அளக்கலாம் என்று ஆயிற்று. அந்தத் துறையில் மாணவராக வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் ஏற்கெனவே டாக்டர் தொழில் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் பெயர் கிரீந்திரசேகர் போஸ், பிறந்த ஆண்டு 1887. சிறு வயதில் ஜாலவித்தையும் ஹிப்னாடிசமும் பழகியவராம். வங்காளிகள் இன்றும் சிரித்துச் சிரித்துப் படிக்கும் 'பரசுராம்' கதைகளை எழுதிய ராஜசேகர் போஸ் இவருடைய அண்ணன்.

தம்பி போஸ் நோயாளிகளைப் படுக்க வைத்து, மனதில் வந்ததையெல்லாம் தடையில்லாமல் பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார். நமக்கே ஒப்பாத ஆசைகளை மனம் எப்படி உள்ளே அழுத்தி வைக்கிறது என்பதைப் பற்றி ஆராய்ச்சி நூல் எழுதி, 1921-ல் டாக்டர் பட்டம் பெற்றார். நூலின் பிரதி ஒன்றை வியன்னாவுக்கு ஃப்ராய்டுக்கு அனுப்பினார். தூரதேசத்தில் முன்பின் அறியாத ஒருவர் தன் வழியிலேயே நடந்து வந்திருப்பதைக் கண்டு ஃப்ராய்டுக்கு ஆச்சரியம். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1937 வரை நீடித்தது. இருவரும் ஒருநாளும் நேரில் சந்திக்கவில்லை. 1922-ல் போஸ் தம் வீட்டிலேயே இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார்.

சிஷ்யன் குருவுக்கு எழுதிய கடிதங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். போஸ் குனிந்து கும்பிடுகிறவர் இல்லை. மகனுக்கும் தகப்பனுக்கும் நடுவில் உள்ளுக்குள் ஒரு பகை ஓடுகிறது, அந்தப் பயம்தான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று ஃப்ராய்டு சொன்னதை இவர் அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. என்னிடம் வரும் இந்திய நோயாளிகளிடம் நான் பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது என்று 1929-ல் தம் கட்டுரைகளை அனுப்பி வாதாடினார். போஸின் சொந்தக் கொள்கை இது: ஒவ்வொரு ஆசைக்கும் பின்னால் அதற்கு நேர் எதிரான ஆசை ஒன்று ஒளிந்திருக்கிறது. அடிக்க நினைப்பவனுக்குள் அடிபட நினைப்பவனும் இருக்கிறான். ஒன்று மேலே வந்தால் மற்றது கீழே போகும், குழந்தைகள் விளையாடும் ஏற்றப்பலகை மாதிரி. எதிராளியின் இடத்தில் தன்னைக் கற்பனையில் நிறுத்திப் பார்க்கத் தெரிந்தால் நோயின் முடிச்சு தளரும் என்றார். வாங்குகிறவனாகவும் விற்கிறவனாகவும் ஒரே நாளில் இரண்டு வேஷம் போடும் வியாபாரிக்கு இது விளங்குவது கஷ்டமில்லை.

1931-ல் ஃப்ராய்டுக்கு 75 வயது நிறைந்தபோது கல்கத்தா சங்கம் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலையொன்றை அனுப்பி வைத்தது. அவர் அதைத் தம் மேஜை மேலேயே வைத்துக்கொண்டார். வியன்னா குளிரில் அதில் விரிசல் விட்டபோது, கல்கத்தாவுக்குப் பழகிய சாமிக்கு இந்த ஊர் சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று எழுதி வைத்தாராம். இன்றும் லண்டனில் அவர் வாழ்ந்த வீட்டுக் காட்சிசாலையில் அந்தச் சிலை இருக்கிறது.

ஆனால் போஸ் செய்த காரியங்களில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்தக் கடிதங்கள் அல்ல. 1933-ல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில், அதாவது இன்றைய ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில், மனநோய்க்கென்று ஒரு வெளிநோயாளர் பிரிவு திறந்தார். பொது ஆஸ்பத்திரியில் அப்படி ஒன்று இந்தியாவில் அதற்குமுன் கிடையாது. அதுவரை மனம் கெட்டவனுக்கு இருந்த இடம் ஒன்றே ஒன்று: உயரமான மதில், பூட்டிய கதவு. சென்னையில் வாலன்டைன் கானலி என்ற கும்பினி வைத்தியர் 1794-ல் 16 பேரை வைத்துத் தொடங்கியதும், 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் திறந்ததும் அந்த வகைதான். உள்ளே போனவன் திரும்புவான் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. போஸின் பிரிவிலோ இருமல்காரனும் காய்ச்சல்காரனும் உட்கார்ந்திருக்கும் அதே ஆஸ்பத்திரிக்கு இவனும் சீட்டு வாங்கிக்கொண்டு வரலாம், பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். 1940-ல் அண்ணன் ராஜசேகர் கொடுத்த தில்ஜலா வீட்டில் 'லும்பினி பார்க்' மனநல மருத்துவமனையையும் தொடங்கினார்கள்.

போஸின் சங்கத்தில் ஆரம்பத்திலிருந்தே இருந்த ஒரு வெள்ளைக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராஞ்சியில் 1918-ல் ஐரோப்பியர்களுக்கென்று கட்டிய மனநோய் ஆஸ்பத்திரியின் தலைவராக இருந்த ஓவன் பெர்க்லி-ஹில். நோயாளிகளைச் சும்மா அடைத்து வைக்காமல் கைத்தொழில் கற்றுக்கொடுத்ததில் அவர் முன்னோடி. மலையாளப் பெண்ணைக் கல்யாணம் செய்தவர். அப்படிப்பட்டவரே இந்துக்களின் குணம் முழுவதும் குழந்தைப் பருவத்துக் கழிப்பறைப் பழக்கத்திலிருந்து வந்தது என்ற மாதிரி 1921-ல் ஒரு கட்டுரை எழுதினார். கோடிக்கணக்கான பேருடைய ஆளுமைக்கு ஒரே வரியில் விலைச்சீட்டு! படித்தவர்களுக்கும் இந்த வியாதி உண்டு. எங்கள் சமணப் பெரியவர்கள் இதைவிடக் கவனமாக இருந்தார்கள் என்பது என் எண்ணம். கோபம் எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒருவன் கோபம் கல்லில் கீறிய கோடு, இன்னொருவனுடையது மண்ணில், வேறொருவனுடையது மணலில், மற்றொருவனுடையது நீரில் என்று ஆளுக்கு ஆள் பிரித்தார்கள். குணம் என்பது இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியல்ல, எத்தனை நாள் நிற்கிறது என்ற கேள்வி. இன்றைய ஆளுமை ஆராய்ச்சியும் பண்புகளை ஆம், இல்லை என்று குறிக்காமல் அளவாகத்தான் அளக்கிறது.

தனி மனிதன் போகட்டும். கூட்டத்தின் மனம் எப்படி வேலை செய்கிறது? இதற்கும் நம் பக்கத்து மாநிலமே ஆய்வுக்கூடம் ஆயிற்று. 1934 ஜனவரி 15 பிற்பகல் பீகாரிலும் நேபாளத்திலும் மகா பூகம்பம். ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அந்த நாட்களில் பாட்னாவைச் சேர்ந்த ஜமுனா பிரசாத் என்ற மனோதத்துவ ஆசிரியர் ஒரு விநோதமான காரியம் செய்தார். ஊரில் உலவிய வதந்திகளையெல்லாம் குறித்து வைத்தார். பூமி அதிர்ந்தபோது கங்கையில் தண்ணீரே மறைந்துபோயிற்று என்றொரு பேச்சு. பாட்னாவைப் புயல் தாக்கப்போகிறது என்றொன்று. சந்திர கிரகணத்தன்று மறுபடியும் பெரிய பூகம்பம் வரும், இன்ன தேதியில் பாட்னாவே இருக்காது என்று இன்னும் சில. 1935-ல் இவற்றை ஆராய்ந்து பிரிட்டிஷ் மனோதத்துவ இதழில் கட்டுரையாக வெளியிட்டார்.

இருபது வருஷம் கழித்து அமெரிக்காவில் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அறிஞர் கண்ணில் அந்தக் கட்டுரை பட்டது. அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. இந்த வதந்திகள், அதிர்ச்சியை உணர்ந்தும் பெரிய அழிவைக் கண்ணால் பார்க்காத ஜனங்களிடம் பரவியவை. தப்பித்தவன் ஆறுதலான பேச்சைத்தானே விரும்ப வேண்டும்? இன்னும் பெரிய ஆபத்து வரும் என்று ஏன் நம்புகிறான்? இதோடு ஒப்பிட அவருக்கு இன்னொரு இந்திய ஆய்வு கிடைத்தது. 1950-ல் டார்ஜிலிங்கில் மலை சரிந்தபோது துர்கானந்த சின்ஹா திரட்டி, 1952-ல் வெளியிட்டது. அங்கே ஜனங்கள் இடிபாட்டின் நடுவிலேயே இருந்தார்கள். அங்கே அத்தகைய வருங்கால பயங்கர வதந்திகள் எழவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஃபெஸ்டிங்கருக்குப் பொறி தட்டியது. பாட்னாக்காரன் நெஞ்சு படபடக்கிறது, சுற்றிப் பார்த்தால் பயப்பட எதுவும் இல்லை. பயமும் காட்சியும் பொருந்தவில்லை. பயத்தை விடமுடியாது, ஆகவே பயத்துக்குப் பொருத்தமான சேதியை மனம் தேடிப் பிடிக்கிறது. டார்ஜிலிங்காரனுக்கு அந்தத் தேவையில்லை, எதிரிலேயே காரணம் கிடக்கிறது. வதந்தி பயத்தை உண்டாக்குவதாக நாம் நினைக்கிறோம், பல சமயம் பயம்தான் வதந்தியை உண்டாக்குகிறது. மனத்தில் இரண்டு எண்ணங்கள் முரண்பட்டால் அந்த உறுத்தலைத் தணிக்க மனிதன் எதையாவது மாற்றிக்கொள்வான் என்ற அவருடைய கொள்கை 1957-ல் புத்தகமாக வந்தது. இன்று உலகமெங்கும் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். அதற்கு விதை பீகார் மண்ணில் கிடைத்தது என்பது பலருக்குத் தெரியாது. கடைத்தெருவில் இதைத் தினமும் பார்க்கிறேன். சரக்கை அதிக விலைக்கு வாங்கிவிட்டவன்தான், "பாருங்க, அடுத்த மாசம் இன்னும் ஏறும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அடித்துச் சொல்வான்.

அதே பூகம்பத்தில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அப்போது ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் இருந்த காந்திஜி, திருநெல்வேலியில் பேசும்போது, பீகார் துயரம் தீண்டாமை என்ற பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்ற கருத்தைச் சொன்னார். இங்கே வங்காளத்திலிருந்து ரவீந்திரநாத் தாகூர், இயற்கை நிகழ்ச்சிக்கு இப்படிக் காரணம் கற்பிப்பது தவறு என்று கண்டித்து எழுதினார். காந்திஜி அதைத் தம் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். காரணம் தெரியாத துன்பத்தை மனித மனம் தாங்காது என்பதற்கு இதைவிடப் பெரிய மனிதர்களை உதாரணம் காட்ட முடியாது. காரணம் தேடும் இந்தப் புத்தி ஒரு வீட்டுக்குள் புகுந்தால் என்ன ஆகும்? பிள்ளைக்குப் புத்தி பேதலித்தால் மருமகள் கால் வைத்த நேரம், பங்காளி வைத்த சூனியம் என்று பழிபோட ஆள் தேடுகிறோம். டாக்டரிடம் போக வேண்டிய மாதங்கள் இதிலேயே கழிந்துவிடுகின்றன.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். சர்ப்பகந்தி வேர் நம் வைத்தியத்தில் பழையது. பீகார் பக்கத்துச் சந்தைகளில் அதற்குப் 'பாகல் கி தவா', பைத்தியத்துக்கு மருந்து, என்றே பேர். 1931-ல் கல்கத்தா வைத்தியர்கள் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இந்த வேர் சித்தபிரமைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் குணம் தருவதாக மருத்துவ இதழில் எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ரஸ்தம் வக்கீல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் மேல்நாடு திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனி அதிலிருந்து ரிசர்பின் என்ற சத்தைப் பிரித்தது. 1954-ல் நியூயார்க் மாநிலத்தில் நாதன் கிளைன் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனை அறிவித்தார். அதே 1952-ல் பாரிஸில் குளோர்புரோமசினும் வந்தது. அதுவரை கட்டிப்போட்டாலொழிய அடங்காது என்றிருந்த நோய் மாத்திரைக்கு அடங்கியது. சர்ப்பகந்தியின் ராஜ்யம் நீடிக்கவில்லை. சிலருக்கு மனச்சோர்வு வருவதாகக் கண்டார்கள், மற்ற மருந்துகள் அதைத் தள்ளிவிட்டன. ஆனால் ரிசர்பின் மூளையில் எந்தெந்த ரசாயனங்களைக் குறைக்கிறது என்று ஆராயப் போய்த்தான், மனநிலைக்கும் அந்த ரசாயனங்களுக்கும் உள்ள உறவு பிடிபட்டது.

மருந்து மட்டும் போதுமா? இந்த இடத்தில் நான் மிகவும் மதிக்கும் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். டாக்டர் வித்யாசாகர், அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரித் தலைவர். நாடு துண்டானபோது நிலம், பணம், ஆவணம் எல்லாம் பங்கு போட்ட இரண்டு சர்க்கார்களும் 1950-ல் மனநோயாளிகளையும் பங்கு போட்டன. லாகூர் ஆஸ்பத்திரியிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் நூற்றுக்கணக்கில் இந்தப் பக்கம் வந்தார்கள், முஸ்லிம் நோயாளிகள் அந்தப் பக்கம் போனார்கள். மண்ட்டோ எழுதிய 'டோபா டேக் சிங்' கதைக்கு அதுதான் அடிப்படை. ஆள் பற்றாக்குறை, இடப் பற்றாக்குறை. ஐம்பதுகளில் வித்யாசாகர் ஒரு யோசனை செய்தார். ராணுவத்திடம் கூடாரங்கள் வாங்கி ஆஸ்பத்திரி வளாகத்தில் அடித்தார். நோயாளியைக் கொண்டுவந்து விடுகிற வீட்டார் திரும்பிப் போகக்கூடாது, கூடாரத்தில் கூடவே தங்க வேண்டும் என்றார்.

அந்நாளில் இது தலைகீழ்ச் சிந்தனை. வீட்டாரைப் பிரித்து வைப்பதே வைத்தியம் என்று வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்திருந்தான். கூடாரத்தில் என்ன நடந்தது? தாயே சோறு ஊட்டினாள், அண்ணனே குளிப்பாட்டினான், ஆகவே சிப்பந்தி குறை தீர்ந்தது. அது சின்ன லாபம். பெரிய லாபம் வேறு. பக்கத்துக் கூடாரத்துப் பையன் நேற்று வெறிபிடித்துக் கத்தியவன், மூன்று வாரத்தில் தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை இந்தத் தாய் பார்க்கிறாள். நம் பிள்ளையும் தேறுவான் என்ற நம்பிக்கை யாரும் சொல்லாமலே வருகிறது. டாக்டர் தினமும் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து, நோய் என்றால் என்ன, வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்த பக்திக் கதைகளைக் கொண்டே விளக்குவார். வருஷக்கணக்கில் கிடந்தவர்கள் இருந்த இடத்தில், வாரக்கணக்கில் வீடு திரும்புகிறவர்கள் வந்தார்கள். 1957-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தார் உடன் தங்குவதையே முறையாக வைத்துத் தொடங்கியது. பெங்களூர் நிம்ஹான்ஸும் அந்த வழியைப் பின்பற்றியது.

குடும்பம் கூட இருந்தால் மட்டும் போதாது, எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் முதலியோர், மனச்சிதைவு நோயாளி வீடு திரும்பிய பிறகு யாருக்கு நோய் மறுபடி வருகிறது என்று ஆராய்ந்தார்கள். ஓயாமல் குறை சொல்லும் வீட்டிலும், கடுகடுப்பான வீட்டிலும், அளவுக்கு மீறிக் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வீட்டிலும் அதிகமாகத் திரும்பியது. அதே ஆய்வைச் சண்டிகரில் செய்து 1987-ல் வெளியிட்டார்கள். லண்டனைவிட இங்கே அப்படிப்பட்ட வீடுகள் குறைவு, ஆனால் பகைமை காட்டிய வீடுகளில் இங்கும் நோய் திரும்பவே செய்தது. உலக சுகாதார நிறுவனம் ஆக்ராவையும் சேர்த்துப் பல நாடுகளில் நடத்திய ஆய்வில், நம் போன்ற நாடுகளில் மனச்சிதைவு நோயாளிகள் பணக்கார நாடுகளைவிட நன்றாகத் தேறுவதாக வந்தது. அந்த முடிவைப் பின்னால் சிலர் மறுத்தும் எழுதியிருக்கிறார்கள், ஆகவே அதை வைத்து நாம் மார்தட்ட வேண்டியதில்லை. தட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஏர்வாடியே சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். கொண்டுவந்து விட்டதும் குடும்பம்தான்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எண்பதுகளில் எங்கள் வந்தவாசிப் பக்கத்துப் பையன் ஒருவன் இங்கே கடையில் வேலை பார்த்தான். கல்யாணமாகிப் பெண்ணை அழைத்து வந்தான். பிரசவம் ஆன சில வாரங்களில் அந்தப் பெண் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, குழந்தையைத் தொடவில்லை. ஒரு தனியார் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் வங்காளத்தில் கேட்க, புருஷன் தமிழில் கேட்க, அவள் "நெஞ்சு பாரமா இருக்கு, வயிறு பத்திக்கிட்டு எரியுது, எனக்கு யாருமே இல்ல" என்றாள். புருஷன் வெட்கப்பட்டு கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு நெஞ்சையும் வயிற்றையும் மட்டும் சொன்னான். வயிற்றெரிச்சலுக்கு மருந்து கிடைத்தது! இரண்டு மாதம் கழித்து, தமிழ் தெரிந்த ஒரு மனநல டாக்டரை விசாரித்துக் கண்டுபிடித்தோம். அவர் புருஷனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் அவளைப் பேசவிட்டார். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு என்றார். ஊரிலிருந்து அவள் அம்மாவை வரவழைத்தோம், மருந்தும் கொடுத்தார், தேறினாள். அந்தக் குழந்தைக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது.

கோபத்தையும் பயத்தையும் நாம் இரண்டாம் மொழியில் படுவதில்லை. போஸ் கனவுகளைப் பற்றி வங்காளத்திலேயே புத்தகம் எழுதியதும், வித்யாசாகர் பஞ்சாபித் தாய்மாருக்குப் பழக்கமான கதைகளை எடுத்ததும் இந்தக் காரணத்தால்தான் என்று நினைக்கிறேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடைசெய்தது. மற்ற நோய்களைப் போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தரவேண்டும் என்றது. நோய், சிகிச்சை பற்றிய தகவலை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரியின் கடமை என்றும் அதில் இருக்கிறது. நம்மவர்கள் பலர் அதைக் கேட்டு வாங்குவதில்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு 'டெலி மனஸ்' என்ற இலவசத் தொலைபேசி உதவியைத் தொடங்கியது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், நம் தமிழையும் தேர்ந்தெடுத்துப் பேசலாம்.